சாய்வா, சரிவா, வாட்டமா? ஒரு கணக்குச் சொல்லை அளந்து எழுதும் முறை

குன்னூரில் ஒரு வீட்டின் பின்புறம் மழைநீர் போக வாய்க்கால் கட்டுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். கையாள், "அண்ணே, வாட்டம் எவ்வளவு விடணும்?" என்பார். கொத்தனார், "அடிக்குக் கால் இஞ்சு விடுப்பா, போதும்" என்பார். வரைபடத்தில் அதே இடத்தில் "சரிவு 1 : 48" என்று இருக்கும். அந்த வீட்டுப் பிள்ளை பத்தாம் வகுப்பு படித்தால், அதன் ஆயத்தொலை வடிவியல் பாடத்தில் இதற்குப் பெயர் "சாய்வு". எல்லோரும் பேசுவது ஒரே பின்னத்தைத்தான். செங்குத்தாக எவ்வளவு மாறியது என்பதைக் கிடையாக எவ்வளவு போனோம் என்பதால் வகுத்தால் வருவது அது. ஓர் அடிக்கு 12 இஞ்சு. அதில் கால் இஞ்சு இறங்கினால் 48-ல் 1.

பின்னத்தின் மேல் பாதியில் யாருக்கும் சந்தேகம் வருவதில்லை. உயரம் உயரம்தான். கீழ்ப் பாதிதான் ஆளுக்கு ஆள் மாறும். ஒருவர் கிடைத்தொலைவால் வகுப்பார், ஒருவர் தரையோடு டேப்பைப் படுக்கவைத்து அளந்ததால் வகுப்பார், இன்னொருவர் கூரையின் முழு அகலத்தால் வகுப்பார். சாய்வைப் பற்றி வரும் தப்பில் பெரும்பகுதி இங்கேதான் பிறக்கிறது. ஆகவே சொல்லை எழுதும்போதே "எதற்கு எது" என்பதையும் சேர்த்து எழுதப் பழகுவது நல்லது.

எந்த இடத்தில் எந்தச் சொல்

"சரிவு" நிலத்துக்கு உரிய சொல். "சரி" என்ற வினைக்கு நழுவு, வழுக்கி இறங்கு என்று பொருள். மலையின் சரிந்த முகம் சரிவு. நீலகிரியில் இதைக் கணக்குச் சொல்லாக எடுப்பதில் ஒரு நடைமுறைச் சிக்கல் உண்டு. மழைக்காலத்தில் இங்கே "சரிவு" என்றாலே மண் இறங்கியது என்றுதான் காதில் விழும். "இந்த வளைவில் சரிவு அதிகம்" என்று ஒரு குறிப்பில் எழுதினால், சாலை செங்குத்தாக இருக்கிறதா, அடிக்கடி மண் விழுகிறதா என்று படிப்பவர் தடுமாறுவார். "நிலச்சரிவு 30 பாகை" என்பது இன்னும் மோசம். நிலச்சரிவு ஒரு நிகழ்வு, அதற்குப் பாகை கிடையாது. "நிலத்தின் சாய்வு 30 பாகை" என்று எழுதினால் குழப்பமில்லை. பசுந்தேயிலை விலைச்சரிவு இந்த மலையில் எல்லோருக்கும் தெரிந்த இன்னொரு சரிவு. அதையும் இதனோடு கலக்க வேண்டாம்.

"வாட்டம்" கட்டட வேலையின் சொல். தண்ணீர் ஓடுவதற்காக மனிதர் வேண்டுமென்றே கொடுக்கும் சாய்வு அது. மொட்டைமாடிக்கு வாட்டம், குளியலறைத் தரைக்கு வாட்டம், கழிவுக் குழாய்க்கு வாட்டம். மலைக்கு வாட்டம் என்று யாரும் சொல்வதில்லை. கலைச்சொல் பட்டியல்கள் சிலவற்றில் வெப்பநிலை போன்றவை இடத்துக்கு இடம் மாறும் வீதத்துக்கும் "வாட்டம்" என்று போட்டிருப்பார்கள். தவறில்லை. ஆனால் இலை வாட்டும் தொழில் நடக்கும் ஊரில் அந்தச் சொல்லுக்கு வேறு வாசனை உண்டு என்பதை நினைவில் வைக்கலாம்.

"சாய்வு" எண்ணுக்கு உரிய சொல். தமிழ்நாட்டுப் பாடநூல் ஒரு நேர்க்கோட்டின் ஒய் மாற்றத்தை எக்ஸ் மாற்றத்தால் வகுத்து வரும் எண்ணுக்கு இதைத்தான் வைத்திருக்கிறது. கணக்கு, அறிக்கை, வரைபடக் குறிப்பு எதிலும் இதையே எழுதலாம். கொத்தனாரிடம் பேசும்போது மட்டும் "வாட்டம்" என்றால் வேலை சீக்கிரம் நடக்கும்.

நான்காவதாக ஒரு சொல் இருக்கிறது. இலங்கைத் தமிழ்க் கணித நூல்களில் நேர்க்கோட்டின் சாய்வுக்குப் "படித்திறன்" என்று பெயர். 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்குப் பின் இலங்கையிலிருந்து வந்த குடும்பங்கள் கூடலூரிலும் கோத்தகிரியிலும் நிறைய வாழ்வதால், இலங்கைப் பாடப் புத்தகம் ஒன்று இங்கே கைக்குக் கிடைப்பது அதிசயமில்லை. அங்கே "செம்பக்கம்" என்று இருப்பது நம் "கர்ணம்". "படித்திறன்" நம் "சாய்வு". பொருள் துளியும் மாறாது.

எழுத்துப் பிழைகள்

"சாய்" என்ற வினையோடு "வு" சேர்ந்து "சாய்வு". ஓய், ஆய், தேய் என்பவை ஓய்வு, ஆய்வு, தேய்வு ஆவதைப் போல. யகரத்துக்குப் புள்ளி கட்டாயம். "சாயவு", "சாயிவு" இரண்டும் பிழை. பன்மை "சாய்வுகள்", "ஆய்வுகள்" என்று எழுதுவதுபோல இங்கும் நடுவில் ஒற்று வராது. உயிரெழுத்து வந்தால் உகரம் விலகும்: சாய்வை, சாய்வும், சாய்வளவு.

ஒற்று மிகும் இடத்தில்தான் பலரும் சறுக்குகிறார்கள். "சாய்தளம்" சரி, "சாய்த்தளம்" பிழை. சாய்ந்த தளம், சாய்கின்ற தளம், சாயும் தளம் என்று மூன்று காலத்துக்கும் பொருந்துவதால் அது வினைத்தொகை, வினைத்தொகையில் வல்லொற்று மிகாது. அதே காரணத்தால்தான் நான்கு பக்கமும் சமமான உருவம் "சாய்சதுரம்". "சாய்ச்சதுரம்" என்று எழுதினால் ஆசிரியர் சிவப்பு மையில் சுழிப்பார். "சாய்வு" என்று முழுப் பெயர்ச்சொல்லாக நின்றால் நிலைமை மாறும். சாய்வினது கோணம் என்று விரியும் "சாய்வுக் கோணம்" ஒற்றோடு வரும். "சாய்வுத் தளம்" என்பதும் அப்படியே. ஆக "சாய்தளம்", "சாய்வுத் தளம்" இரண்டும் சரி. இரண்டையும் பாதிப் பாதி கலந்ததுதான் பிழை.

"சரிவகம்" என்ற வடிவத்தின் பெயரிலும் அதே "சரி" இருக்கிறது. சரி-தப்பு என்பதில் வரும் "சரி" இல்லை அது. அதன் பக்கங்கள் சரிந்து நிற்பதால் வந்த பெயர். பிள்ளைகளுக்கு இதை ஒருமுறை சொல்லிவிட்டால் சாய்சதுரம் எது, சரிவகம் எது என்று மறக்காது.

"சதவீதம்" என்பதில் வீ நெடில். "சதவிகிதம்" என்றும் எழுதலாம். "சதவிதம்" மட்டும் கூடாது. "விழுக்காடு" எழுதினால் இந்தத் தொல்லையே இல்லை.

அளந்து பார்ப்பது

இந்தச் சொல் மனதில் தங்க வேண்டுமென்றால் ஒருமுறை தரையில் அளப்பதே வழி. நீலகிரியில் அதற்கு இடம் தேட வேண்டியதில்லை, வீட்டு வாசலே போதும். தேவையானவை: வளையாத 2 மீட்டர் ரீப்பர் மரச்சட்டம் ஒன்று (அலுமினியச் சட்டம் இன்னும் நல்லது), ஒரு ரசமட்டம், ஒரு டேப், ஒரு தூக்குக்குண்டு.

ரீப்பரின் ஒரு முனையை மேட்டுப் பக்கத்துத் தரையில் வையுங்கள். மறுமுனையைப் பள்ளத்தின் பக்கம் நீட்டிப் பிடித்து, மேலே வைத்த ரசமட்டத்தின் குமிழி நடுவுக்கு வரும்வரை தூக்குங்கள். இப்போது ரீப்பர் கிடைமட்டம். நீட்டிய முனையிலிருந்து தூக்குக்குண்டை இறக்கி, அந்த நூலின் வழியே தரைவரை உள்ள உயரத்தை அளவுங்கள். 50 சென்டிமீட்டர் என்றால் சாய்வு 50/200. அதாவது 0.25, அல்லது 4-க்கு 1, அல்லது 25 சதவீதம்.

தூக்குக்குண்டு ஆடம்பரம் போலத் தோன்றும். டேப்பைக் கண்ணளவில் நேராகப் பிடித்தால் போதாதா? மலைச்சரிவில் போதாது. சரிந்த தரையில் நிற்கும்போது கண் ஏமாறும்; டேப் தரைக்குச் செங்குத்தாகச் சாய்ந்துவிடும். கிடைக்குச் செங்குத்தாக நிற்பதே வேண்டியது. தரைக்குச் செங்குத்தாகப் பிடித்தால் அளவு குறைந்து வரும், சாய்வும் குறைந்து வரும்.

ஓர் அளவு மட்டும் எடுத்தால் ஒரு கல்லோ குழியோ கணக்கைக் கெடுத்துவிடும். அதே நேர்கோட்டில் ஐந்து முறை, முந்தைய நூல் தரையைத் தொட்ட இடத்திலிருந்தே அடுத்ததைத் தொடங்கி இறங்குங்கள். 50, 62, 58, 45, 65 என்று வந்தால் கூட்டுத்தொகை 280 சென்டிமீட்டர். கிடைத்தொலைவு ஐந்து ரீப்பர், 1000 சென்டிமீட்டர். சாய்வு 0.28. கோணமாக ஏறத்தாழ 15.6 பாகை.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. ஒவ்வொரு துண்டின் சாய்வையும் தனித்தனியே கண்டு சராசரி எடுத்தாலும் 0.28-தான் வரும். ஐந்து துண்டும் ஒரே நீளம் என்பதால் வந்த அதிர்ஷ்டம் அது. 2 மீட்டருக்கு 0.5 சாய்வும், அடுத்த 8 மீட்டருக்கு 0.1 சாய்வும் உள்ள பாதையை எடுத்தால், சராசரி 0.3 என்று தோன்றும். உண்மையில் ஏறியது 1 மீட்டரும் 0.8 மீட்டரும், மொத்தம் 1.8, போனது 10 மீட்டர், சாய்வு 0.18. சாய்வுகளைக் கூட்டக்கூடாது. உயரங்களைக் கூட்டு, தொலைவுகளைக் கூட்டு, பிறகு வகு.

அதே 10 மீட்டர் இறக்கத்தில் டேப்பைத் தரையோடு படுக்கவைத்து அளந்தால் 10.38 மீட்டர் வரும். 2.8-ஐ அதனால் வகுத்தால் 0.27. "சின்ன வித்தியாசம்தானே" என்று விட்டுவிடலாம். 15 பாகையில் சின்னதுதான். 30 பாகையில் அப்படி விட முடியாது. கிடைத்தொலைவால் வகுத்தால் 0.577, தரையோடு அளந்ததால் வகுத்தால் 0.5. முதலாவது அந்தக் கோணத்தின் டேன் மதிப்பு, இரண்டாவது சைன் மதிப்பு. சாய்வு என்ற சொல் எப்போதும் டேனையே குறிக்கும்.

இதன் பணக் கணக்கு வேலி போடும்போது தெரியும். நில அளவை வரைபடத்தில் உள்ள நீளமும் பட்டாவில் உள்ள பரப்பும் கிடையாகப் பார்த்தவை. வரைபடத்தில் மேலிருந்து கீழாக 50 மீட்டர் காட்டும் எல்லை, 30 பாகைச் சாய்வில் தரையில் 57.7 மீட்டர் ஓடும். வரைபடத்தைப் பார்த்து 50 மீட்டர் கம்பி வாங்கினால் பள்ளத்தில் ஏழு மீட்டருக்கு மேல் வேலி இல்லாமல் நிற்கும்.

தூரம் அதிகமென்றால் ரீப்பர் சலிப்பூட்டும். டியூப் லெவல் எடுக்க வேண்டும். தெளிவான பிளாஸ்டிக் குழாயில் தண்ணீர் நிரப்பி, இரு முனையிலும் தண்ணீர் நிற்கும் மட்டத்தைக் கம்பங்களில் குறித்து, ஒவ்வொரு குறியிலிருந்தும் தரைவரை அளந்து கழித்தால் உயர வேறுபாடு கிடைக்கும். குழாயில் ஒரு காற்றுக் குமிழி சிக்கினாலும் மட்டம் பொய் சொல்லும். நிரப்பியவுடன் இரண்டு முனையையும் பக்கத்தில் வைத்து, இரண்டிலும் தண்ணீர் ஒரே மட்டத்தில் நிற்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும்.

வரைபடத்திலிருந்தும் எடுக்கலாம். 1 : 50,000 அளவுள்ள நிலவரைபடத்தில் சம உயரக் கோடுகளின் இடைவெளி 20 மீட்டர் என்றால், இரண்டு கோடுகளுக்கு நடுவே தாளில் 2 மில்லிமீட்டர் இருந்தால் தரையில் 100 மீட்டர். சாய்வு 20/100, அதாவது 5-க்கு 1. கோடுகள் நெருங்க நெருங்கச் சாய்வு கூடும். கோடுகளைச் செங்குத்தாக வெட்டும் திசையில்தான் அளக்க வேண்டும். குறுக்காக அளந்தால் தொலைவு கூடி, மலை தாளில் மென்மையாகிவிடும்.

மலைப்பாதை போடுகிறவர்கள் செய்வதும் இந்தக் குறுக்கு நடைதான். இரண்டுக்கு ஒன்று சாய்ந்த மலைமுகத்தில் 300 மீட்டர் ஏற வேண்டுமென்றால் நேராக 600 மீட்டர் கிடைத்தொலைவு போதும், ஆனால் பேருந்து ஏறாது. 15-க்கு 1 சாய்வில் போக வேண்டுமென்றால் 4.5 கிலோமீட்டர் சாலை வேண்டும். 600 மீட்டர் இடத்தில் 4.5 கிலோமீட்டரை மடித்து வைக்கத்தான் கொண்டை ஊசி வளைவுகள். ஊட்டியிலிருந்து மசினகுடி இறங்கும் கல்லட்டிப் பாதையில் அவை 36.

எண்ணை நான்கு விதமாக எழுதுவது

12-க்கு 1, 0.0833, 8.33 சதவீதம், 4.76 பாகை. நான்கும் ஒன்றே. நீலகிரி மலை ரயிலின் மிகக் கடுமையான ஏற்றம் ஏறத்தாழ இதுதான். கல்லாறுக்கும் குன்னூருக்கும் நடுவே, பற்சக்கரம் கடிக்கும் பல் தண்டவாளம் உள்ள பகுதியில் வருவது. ஒரு கிலோமீட்டர் போவதற்குள் 83 மீட்டர் ஏறும். அந்த 19, 20 கிலோமீட்டர் முழுவதையும் எடுத்தால், ஏற்றம் சுமார் 1300 மீட்டர், சராசரிச் சாய்வு ஏறத்தாழ 15-க்கு 1. குன்னூருக்கு மேலே ஏற்றம் தணிவதால் ஊட்டிவரை பல் தண்டவாளம் இல்லாமலே வண்டி போகிறது. வேடிக்கை என்னவென்றால், சக்கர நாற்காலி ஏறக் கட்டும் சாய்தளத்துக்கும் உச்ச வரம்பாக அதே 12-க்கு 1-ஐத்தான் சொல்கிறார்கள். 45 சென்டிமீட்டர் உயரத் திண்ணைக்கு 5.4 மீட்டர் நீளச் சாய்தளம் வேண்டும். இடமில்லை என்று 2 மீட்டரில் முடித்த சாய்தளத்தின் சாய்வு 22 சதவீதத்தைத் தாண்டும், அதில் யாரும் தனியே ஏற முடியாது.

"12-க்கு 1" என்று தமிழில் சொல்லும்போது கீழே உள்ள எண் முதலில் வரும். மூன்றில் ஒரு பங்கு, நூற்றுக்கு ஐந்து என்று நம் பேச்சே அப்படி. எழுதும்போது 1 : 12, 1/12 என்று மேலே உள்ளது முதலில் வருகிறது. காதால் கேட்டு எழுதும் பிள்ளைகள் 12 : 1 என்று தலைகீழாக எழுதுவது இதனால்தான். அது கவனக்குறைவு அன்று. "பன்னிரண்டு போனால் ஒன்று ஏறும்" என்று வாக்கியமாகச் சொல்லிக் கொடுத்தால் தலைகீழாகாது.

அதோடு, "12-க்கு 1" என்ற வடிவத்தில் எண் பெரிதானால் சாய்வு சிறிதாகும். 25-க்கு 1 என்பது 12-க்கு 1-ஐவிடப் பாதிக்கும் குறைவான ஏற்றம். சதவீத வடிவத்தில் அப்படி இல்லை, எண் பெரிதானால் ஏற்றமும் பெரிது. ஒரே அறிக்கையில் இரண்டு வடிவத்தையும் கலப்பவர்கள் படிப்பவரைக் கொடுமைப்படுத்துகிறார்கள் என்றே சொல்ல வேண்டும்.

பொறியாளர்களிடம் இன்னொரு வழக்கம் உண்டு. மண்வெட்டிய பக்கங்களுக்கும் கரைகளுக்கும் "2 : 1" என்று எழுதினால், பெரும்பாலும் கிடை 2, செங்குத்து 1. கணக்குப் பாடத்துக் கண்ணால் படித்தால் சாய்வு 2, அதாவது 63 பாகை என்று ஆகிவிடும். உண்மையில் அது 0.5, 26.6 பாகை. அந்த வித்தியாசத்தில் வெட்டிய மண் முதல் மழைக்கே இறங்கும். வரைபடத்தில் எந்த எண் கிடை, எந்த எண் செங்குத்து என்று குறித்திருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் கேட்டுவிட்டுத்தான் மண்ணில் கை வைக்க வேண்டும்.

கூரையிலும் இதே கதை. தகரக் கூரையோ ஓட்டுக் கூரையோ, "பிட்ச் கால்" என்று ஆசாரி சொன்னால், உச்சியின் உயரம் கட்டடத்தின் முழு அகலத்தில் கால் பங்கு என்று பொருள். மழைநீர் ஓடுவது பாதி அகலத்தில்தான். ஆகவே சாய்வு 0.25 அன்று, 0.5. ஒரு பக்கம் மட்டும் சாய்ப்பு இறக்கிய கூரைக்கு இந்த இரட்டிப்பு கிடையாது.

பாகைக்கும் சதவீதத்துக்கும் நடுவே நேர்விகிதம் இல்லை. 45 பாகைதான் 100 சதவீதம். "நூறு சதவீதம் என்றால் செங்குத்துச் சுவர்" என்று நினைப்பது பரவலான தவறு. 60 பாகை 173 சதவீதம். சின்னக் கோணங்களுக்கு மட்டும் ஒரு கைக்கணக்கு உதவும்: பாகையை 1.75-ஆல் பெருக்கினால் சதவீதம். 10 பாகைக்கு 17.5 வரும், உண்மை 17.6. 30 பாகைக்கு 52.5 வரும், உண்மை 57.7. பதினைந்தைத் தாண்டினால் கால்குலேட்டரை எடுப்பதே நல்லது.

கால்குலேட்டரிலும் ஒரு கண் வேண்டும். கோணத்துக்கு அதில் மூன்று நிலைகள் இருக்கும்: டெக், ராட், கிராட். மூன்றாவது, ஒரு செங்கோணத்தை 100 கூறாக்கும் அளவு. தெரியாமல் அதில் விரல் பட்டிருந்தால், சாய்வு 1-க்குக் கோணம் 45 வராமல் 50 என்று வரும். ராட் நிலையில் 0.785 என்று வந்தால் யாரும் சந்தேகப்படுவார்கள். 50 என்பது பார்க்க நியாயமாக இருப்பதால் தப்பித்துப் போய்விடும். வேலையைத் தொடங்கும் முன் சாய்வு 1-க்குக் கோணம் கண்டு, 45 வருகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

குறியும் செங்குத்தும்

மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு ஏற்றம். திரும்பினால் அதே தண்டவாளம் இறக்கம். ரயில்காரருக்குக் குறி மாறும். கணக்குப் பாடத்தில் மாறாது. இரண்டு புள்ளிகளில் எதை முதலாவதாக எடுத்தாலும் மேலும் கீழும் சேர்ந்தே குறி மாறுவதால் வகுத்தால் அதே எண். ரயில்காரர் தாம் போகும் திசையையே நேர்த்திசையாக வைத்துக்கொள்கிறார். பாடத்தில் எக்ஸ் அச்சு ஒருமுறை வரைந்ததோடு சரி, யார் எந்தப் பக்கம் போனாலும் அது நகராது. இதைச் சொல்லாமல் "ஏற்றம் மிகை, இறக்கம் குறை" என்று மட்டும் சொல்லிக் கொடுத்தால் பிள்ளைகள் புள்ளிகளின் வரிசையை மாற்றிவிட்டுக் குறியையும் மாற்றுவார்கள்.

எண் சரியாக வந்தும் குறி தப்பினால், பெரும்பாலும் மேலே ஒரு வரிசையிலும் கீழே எதிர் வரிசையிலும் கழித்திருப்பார்கள். எந்தப் புள்ளியில் தொடங்கினீர்களோ இரண்டு இடத்திலும் அதிலேயே தொடங்க வேண்டும்.

சமதரைக்குச் சாய்வு 0. செங்குத்துச் சுவருக்குச் சாய்வே கிடையாது. கிடைத்தொலைவு 0, அதனால் வகுக்க முடியாது. "சாய்வு இல்லை" என்று பேச்சில் இரண்டுக்கும் சொல்வோம், தேர்வில் அது செல்லாது. ஒன்றுக்குப் "பூச்சியம்", மற்றொன்றுக்கு "வரையறுக்கப்படவில்லை".

சொற்கள் வந்த வழி

"சாய்" தமிழின் சொந்த வினை. தன்வினையில் சாய்ந்தான், பிறவினையில் சாய்த்தான். சாய்மானம், சாய்ப்பு, சாய்சதுரம் எல்லாம் அதன் கிளைகள். சாயங்காலத்தையும் இதில் சேர்த்து "பொழுது சாயும் காலம்" என்று விளக்குவது பேச்சுக்கு அழகு. ஆனால் மாலையைக் குறிக்கும் வடசொல் "சாயம்" அதில் இருக்கிறது. வகுப்பில் அதை வேர்ச்சொல்லாகக் காட்ட வேண்டாம்.

ஆங்கிலத்தில் "ஸ்லோப்" என்பதன் பழைய வேரில் நழுவுதல் என்ற பொருள் தெரிகிறது. நம் "சரிவு" பிறந்ததும் அப்படியே. "கிரேடியன்ட்" வேறு குடும்பம். லத்தீனில் "கிராதுஸ்" என்றால் அடிவைப்பு, படி. ஆங்கிலத்தில் 19ஆம் நூற்றாண்டில், ரயில் பாதைகள் போடத் தொடங்கிய காலத்தில்தான் அது ஏற்றத்தின் அளவைக் குறிக்கும் சொல்லாகப் பரவியது. 1899-ல் குன்னூர்வரை ரயில் ஏறியபோது அதற்கு வயது நூறுகூட ஆகவில்லை. கோணத்தின் "டிகிரி"யும், கால்குலேட்டரின் "கிராட்"டும் அதே "கிராதுஸ்" பெற்றவைதான். பாகையையும் சதவீதச் சாய்வையும் மாற்றிப் போடுகிறவர்களை ரொம்பவும் திட்ட முடியாது, பெயர்களே அக்கா தங்கைகள். இலங்கைத் தமிழின் "படித்திறன்" என்ற சொல்லுக்குள்ளும் ஒரு படி இருப்பதைப் பாருங்கள்.

"டேன்" என்பது "டேன்ஜென்ட்"டின் சுருக்கம், லத்தீனில் தொடுவது. 1583-ல் டென்மார்க்கைச் சேர்ந்த தாமஸ் ஃபின்க் அந்தப் பெயரைக் கொண்டுவந்தார். ஓர் அலகு ஆரமுள்ள வட்டத்தைத் தொட்டு நிற்கும் கோட்டில், கோணத்தின் இரு கைகளுக்கு நடுவே அகப்படும் நீளம்தான் அது. தமிழில் "தொடுகோடு" என்பது அதற்கு நேர்ச்சொல். ரீப்பரின் முழு நீளத்தை ஓர் அலகு ஆரமாகவும், தூக்குக்குண்டு நூலைத் தொடுகோடாகவும் நினைத்துப் பாருங்கள். நூலில் நீங்கள் அளந்த உயரம் அந்த அலகில் எவ்வளவோ அதுவே டேன்.

கடைசியாக "எம்". ஒய் = எம் எக்ஸ் + சி என்ற சமன்பாட்டில் சாய்வுக்கு அந்த எழுத்து ஏன்? பிரெஞ்சில் ஏறுவதற்கு "மோன்தே" என்று சொல், அதன் முதல் எழுத்து என்று பல வகுப்புகளில் சொல்கிறார்கள். ஆதாரம் இல்லாத கதை. ஆயத்தொலை வடிவியலைத் தொடங்கிவைத்த பிரெஞ்சுக்காரர் தெக்கார்த் சாய்வுக்கு அந்த எழுத்தைப் பயன்படுத்தவே இல்லை. 1757-ல் இத்தாலியர் வின்சென்சோ ரிக்காட்டி எழுதியதில் அது வருகிறது. ஆங்கிலத்தில் 1844-ல் மேத்யூ ஓ'பிரையனின் பாடநூலில் இருக்கிறது. காரணத்தை இருவரும் சொல்லி வைக்கவில்லை. பிள்ளை கேட்டால் "வழக்கம்" என்று சொன்னால் போதும். "மலை"யின் முதல் எழுத்து என்று நினைவில் வைத்துக்கொண்டாலும் குடி முழுகாது, தேர்வுத்தாளில் அதை வரலாறாக எழுதாதவரை.